ஒரு மாத்திரையில் குடி நிற்கவில்லை என்றால் மூன்றையும் சேர்த்துப் போடலாமா?

பெரம்பூரில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 43, ராயப்பேட்டை பக்கம் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஆபரேட்டர். நீளமான கடிதம், முக்கியமானதை மட்டும் அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"பதினெட்டு வருஷமா குடிக்கிறேன். கடைசி ஆறு வருஷம் தினமும். குவார்ட்டர்ல ஆரம்பிச்சது ஆஃப்ல வந்து நிக்குது. ரெண்டு வருஷம் முன்னாடி சபரிமலைக்கு மாலை போட்டு ஒரே நாள்ல நிறுத்தினேன், மறுநாள் மெஷின் பக்கத்துலயே வலிப்பு வந்து விழுந்துட்டேன். இப்ப அஞ்சு மாசமா ஒரு மனநல டாக்டர்கிட்ட போறேன். நால்ட்ரெக்ஸோன் 50 தினம் ஒண்ணு. குடி பாதியா குறைஞ்சிருக்கு, ஆனா நிக்கல. சனிக்கிழமை வாரச் சம்பளம், அன்னைக்கு மட்டும் மாத்திரை போடறதில்லை, சரக்கும் அதுவும் சேர்ந்து ஏதாவது ஆயிடுமோன்னு பயம். போன மாசம் டாக்டர் அகாம்ப்ரோசேட்டும் எழுதிட்டார், வேளைக்கு ரெண்டு, மூணு வேளை. ஏ.ஏ. கூட்டத்துக்கு, அதான் குடியை விட நினைக்கறவங்க கூடற கூட்டம், அங்க வர்ற ஒரு அண்ணன் டைசல்ஃபிராம்தான் மருந்து, மத்ததெல்லாம் வேஸ்ட்டுங்கறார். போன தடவை ஆஸ்பத்திரியில கொடுத்த லிப்ரியம் கொஞ்சம் மிச்சம் இருக்கு, தூக்கம் வராத ராத்திரி அதையும் போட்டுக்கறேன். பி.பி.க்கும் சுகருக்கும் மாத்திரை ஓடுது. ஈரல் டெஸ்ட் கொஞ்சம் ஏறியிருக்குன்னாங்க. ஒரு வருஷமா எதுலயும் மனசு ஒட்டல. அம்மா ஏதோ பொடி வாங்கி வச்சிருக்காங்க, எனக்குத் தெரியாம கலக்கறதா என் மனைவி சொல்றா. மூணு மாத்திரையும் சேர்த்துப் போட்டா சீக்கிரம் நிக்குமா? எத்தனை நாள் போடணும்? வர்ற கார்த்திகைக்கு மறுபடி மாலை போடணும்னு இருக்கேன்."

வணக்கம். நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை, எது உயிருக்கு ஆபத்தோ அதில் இருந்து தொடங்குகிறேன். அந்த மிச்ச லிப்ரியம்.

குளோர்டயாஸிபாக்சைடு என்பதுதான் அதன் மருந்துப் பெயர், வார்டில் எல்லோரும் லிப்ரியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். குடியை நிறுத்தும் முதல் வாரம், பத்து நாளில் கை நடுக்கமும் வியர்வையும் வலிப்பும் வராமல் காப்பாற்றத்தான் அதைக் கொடுக்கிறோம், ஒவ்வொரு நாளும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுவோம். சாராயம் மூளையை எப்படி அமர்த்துகிறதோ ஏறக்குறைய அதே வழியில்தான் அதுவும் அமர்த்துகிறது, அதனால்தான் அந்த ஒரு வாரத்துக்கு அது அவ்வளவு உதவி. குடித்த ராத்திரியில் அதையே போட்டுக்கொண்டால் இரண்டு மயக்கமும் ஒன்றாகச் சேர்ந்து மூச்சு மந்தமாகும், தூக்கத்தில் வாந்தி வந்தால் புரையேறும், பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்குக் குறட்டை என்றுதான் தோன்றும். நீங்கள் கேட்ட மூன்று மருந்துகளை விடவும் எனக்கு அதிகக் கவலை தந்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய இந்த ஒரு வரிதான். குடித்த ராத்திரி அது வேண்டவே வேண்டாம். எப்போதாவது ஒன்று என்றால் இன்றோடு விட்டுவிடலாம், மிச்சத்தை மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். கிட்டத்தட்ட தினமும் போடுகிறீர்கள் என்றால் மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள், அவர் படிப்படியாக இறக்குவார்.

அடுத்தது மாலை. நம் ஊரில் கார்த்திகை பிறந்தால் எத்தனையோ பேர் ஒரே நாளில் குடியை நிறுத்துகிறார்கள், அந்த மன உறுதியை நான் உண்மையாகவே மதிக்கிறேன். ஆனால் வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்புக்கு அது பெரிய அதிர்ச்சி. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி நேரத்தில் இருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் ஆனபிறகு சிலருக்குப் புத்தி குழம்பும், இல்லாத பூச்சி சுவரில் ஊரும், யாரோ கூப்பிடுவது போலக் கேட்கும், காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்துகொள்ளும், அந்த நிலையில் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஒரு முறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போதும் வரும் வாய்ப்பு அதிகம். சாமி கோபித்துக்கொண்டார், விரதத்தில் ஏதோ குறை என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். குடியின் அழுத்தம் திடீரென்று எடுபட்டதும் மூளை துள்ளி எழுந்த வலிப்பு அது.

அதனால் இந்தத் தடவை மாலைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு வாரம் பத்து நாள் வார்டில் படுத்து நிறுத்துங்கள். ஊசியாகத் தயமின் போடுவார்கள், பி-1 வைட்டமின்தான், சாதாரண விஷயம் என்று நினைக்காதீர்கள், வருஷக்கணக்காகக் குடித்தவர்களுக்கு அது குறைந்துபோய் நடை தள்ளாடி, கண் பார்வை இரட்டையாகி, நினைவே அழிந்துபோன ஆட்கள் உண்டு. ஈரலைப் பார்த்து லிப்ரியமா, அதே வகை மருந்தான லோரஸிபாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் சேரலாம், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், தனியாரில் என்றால் அடையாறு பக்கம் இருக்கும் டிடிகே மருத்துவமனை உண்டு, சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது, இதற்கென்றே நடப்பது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குப் பேசுங்கள். வீட்டில் வலிப்பு வந்தால் 108, அப்போது யோசிக்க நேரம் இல்லை.

சரி, இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தின் முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நால்ட்ரெக்ஸோன் போட்ட நாளில் குடித்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுகிறீர்கள். இந்தப் பயம் டைசல்ஃபிராமுக்கு உரியது, நால்ட்ரெக்ஸோனுக்கு அல்ல. நம் ஊரில் எல்லாவற்றையும் 'குடி நிறுத்துற மாத்திரை' என்று ஒரே பெயரில் சொல்வதால் வரும் குழப்பம் இது, நிறையப் பேருக்கு இருக்கிறது. டைசல்ஃபிராம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலித்து, வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வரும். நால்ட்ரெக்ஸோன் அப்படி எதுவும் செய்யாது. குடித்ததும் மூளையில் எண்டார்ஃபின் சுரந்து ஒரு சுகம் வருகிறதே, அது போய் ஒட்டவேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு கட்டிங் உள்ளே போனதும் 'இன்னும் ஒண்ணு' என்று இழுக்கிற அந்த இழுப்பு குறையும். குடிக்கிற நாளில்தான் அது உள்ளே இருக்கவேண்டும். ஃபின்லாந்தில் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு இதைப் போடுவதையே ஒரு சிகிச்சை முறையாக வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் வாரத்தில் ஆறு நாள் மாத்திரை போட்டு, அதிகம் குடிக்கிற ஒரே நாளில் விட்டுவிடுகிறீர்கள். மூளை அந்த ஒரு நாளை மறக்காது. சனிக்கிழமை கிடைத்த அந்தப் பழைய சுகம் திங்கள், செவ்வாய் ஆசையைத் தின்னக் கொடுத்து வளர்க்கிறது. ஐந்து மாதத்தில் பாதி குறைந்திருக்கிறது என்றால், இவ்வளவு ஓட்டையோடும் பாதி குறைந்திருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன், உங்கள் உடம்பில் இந்த மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பயம் மட்டும்தானா, இல்லை சனிக்கிழமையாவது கொஞ்சம் ஏறட்டும் என்ற ஆசையும் அதில் இருக்கிறதா? இருந்தால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, இந்த மாத்திரை போடுகிற பலருக்கும் அப்படித் தோன்றும், ஆனால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அவருக்கு நீங்கள் தினமும் போடுகிறீர்கள் என்றுதான் தெரியும், அப்படியும் நிற்கவில்லையே என்று பார்த்துத்தான் இரண்டாவது மருந்தை எழுதியிருப்பார்.

வருகிற சனிக்கிழமையில் இருந்து, சம்பளம் வாங்கப் போவதற்கு முன் காலைச் சாப்பாட்டோடு மனைவி கையால் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் சில நாள் குமட்டலாம், வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் குமட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், சுகம் குறையுமே தவிர போதை இறங்காது, கையும் காலும் தள்ளாடத்தான் செய்யும், அதனால் மாத்திரை போட்டிருக்கிறோமே என்று வண்டி எடுக்காதீர்கள், மெஷின் பக்கமும் போகாதீர்கள். கிக் வரவில்லை என்று இன்னும் இரண்டு ஊற்றிக்கொள்வதும் கூடாது, ஈரலுக்குப் போகிற சரக்கு போய்க்கொண்டுதான் இருக்கும்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. நால்ட்ரெக்ஸோனையும் அகாம்ப்ரோசேட்டையும் சேர்த்துப் போடலாமா? போடலாம், இரண்டுக்கும் சண்டை இல்லை. நால்ட்ரெக்ஸோன் இருக்கும்போது அகாம்ப்ரோசேட் ரத்தத்தில் கொஞ்சம் கூடுதலாக ஏறும், அதற்காக அளவை மாற்றத் தேவையில்லை. ஒன்று ஈரலில் உடைகிறது, மற்றது உடையாமல் அப்படியே சிறுநீரில் போகிறது. அதனால் அகாம்ப்ரோசேட்டுக்கு ஈரல் பிரச்சினை இல்லை, சிறுநீரகம்தான் பிரச்சினை. பி.பி.யும் சுகரும் இருக்கிற உங்களுக்குக் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட், பார்த்தார்களா என்று கேளுங்கள், பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள். சிறுநீரகம் மிதமாகக் குறைந்திருந்தால் அளவைப் பாதியாக்குவார்கள், ரொம்பக் குறைந்திருந்தால் அந்த மருந்தே கிடையாது. வயிற்றுப்போக்கு வரலாம், பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும்.

போடலாம் என்பது வேறு, போட்டால் கூடுதல் பலன் உண்டா என்பது வேறு. இதைப் பெரிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 11 மையங்களில் 1383 பேரை வைத்து கம்பைன் என்ற ஆய்வு நடந்தது, முடிவுகள் 2006இல் வந்தன. சிலருக்கு நால்ட்ரெக்ஸோன், சிலருக்கு அகாம்ப்ரோசேட், சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தே இல்லாத மாத்திரை, இதில் ஒரு பகுதியினருக்குக் கூடவே முறையான கவுன்சலிங். 16 வாரம். நால்ட்ரெக்ஸோன் போட்டவர்கள் முன்னேறினார்கள், நல்ல கவுன்சலிங் கிடைத்தவர்களும் முன்னேறினார்கள், இரண்டு மாத்திரையையும் சேர்த்துப் போட்டவர்களுக்கு நால்ட்ரெக்ஸோன் மட்டும் போட்டவர்களைவிடப் பெரிதாக எதுவும் கூடவில்லை. ஜெர்மனியில் 2003இல் 160 பேரை வைத்து நடந்த சிறிய ஆய்வில் இரண்டும் சேர்ந்தது அகாம்ப்ரோசேட் மட்டும் போடுவதைவிட நன்றாக வேலை செய்தது, அங்கேயும் நால்ட்ரெக்ஸோனைத் தனியாகப் போட்டவர்களைத் தெளிவாக முந்தவில்லை.

கம்பைன் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. மாத்திரை வாங்கிய ஒவ்வொருவரையும், போலி மாத்திரை வாங்கியவர் உட்பட, நாலு மாதத்தில் ஒன்பது தடவை ஒரு மருத்துவரோ நர்ஸோ உட்காரவைத்துப் பேசினார்கள். மாத்திரை போட்டாயா, எந்த நாள் விட்டாய், ஏன் விட்டாய், ஈரல் எப்படி இருக்கிறது, இந்த வாரம் எவ்வளவு குடித்தாய் என்று. எல்லாக் குழுக்களிலும் குடிக்காத நாட்கள் நன்றாகக் கூடின. நம் ஊரில் ஓ.பி.யில் மூன்று நிமிஷம் கிடைப்பதே பெரிது என்று எனக்குத் தெரியும், அங்கே டாக்டராக உட்கார்ந்து பார்ப்பவள்தான் நானும். ஆனாலும் இரண்டாவது மாத்திரைக்கு முன்னால் உங்களிடம் யாராவது 'எந்த நாள் விட்டீங்க' என்று கேட்டிருக்கவேண்டும். இனி அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், ஒரு காலண்டரில் போட்ட நாளுக்கு டிக், குடித்த நாளுக்கு அளவு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்படியென்றால் அகாம்ப்ரோசேட் வீணா? இல்லை. அதன் வேலையே வேறு. நிறுத்தியபிறகு வாரக்கணக்கில் நீடிக்கிற பதற்றம், தூக்கமின்மை, காரணம் தெரியாத ஒரு தவிப்பு, அதைத் தணித்துக் குடிக்காமல் இருப்பவரைக் குடிக்காமலே வைத்திருக்க உதவுவது அது. ஏற்கெனவே நிறுத்தியவருக்கு நன்றாக வேலை செய்யும், குடித்துக்கொண்டிருப்பவரை நிறுத்தவைக்கும் சக்தி அதற்குக் குறைவு. ஆஃப்செட்டில் நாலு கலரும் நாலு பிளேட்டில் தனித்தனியாக விழுகிறது, மஞ்சள் விழாத இடத்தில் நீலத்தை எவ்வளவு ஏற்றினாலும் படம் சரியாகாது, உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இப்போது நீங்கள் குடித்துக்கொண்டே ஒரு நாளைக்கு ஆறு அகாம்ப்ரோசேட் விழுங்குவதில் பெரிய லாபம் இல்லை. வார்டில் நிறுத்திவிட்டு, மாலை போட்டுக்கொண்டு அதைத் தொடர்ந்து போடுங்கள், ஒரு மண்டலம் முழுக்கக் குடிக்காமல் இருக்கப்போகிற அந்தக் காலம்தான் அந்த மருந்துக்கு ஏற்ற காலம். மதிய வேளை மாத்திரைதான் எல்லோரும் மறப்பது, அச்சகத்தில் டிபன் பாக்ஸோடு வைத்துவிடுங்கள். இது என் யோசனை, தேதியையும் அளவையும் உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள், உங்கள் ரிப்போர்ட்டுகளை அவர்தான் பார்த்திருக்கிறார்.

மலையில் இருந்து இறங்கி மாலையைக் கழற்றுகிற நாளைப் பற்றியும் இப்போதே பேசிவிடவேண்டும். விரதம் முழுக்கச் சுத்தமாக இருந்துவிட்டு, திரும்புகிற வழியிலேயே வேன் நிற்கும் இடத்தில் தொடங்கியவர்கள் எத்தனையோ பேர். அன்றைக்கு நால்ட்ரெக்ஸோன் கட்டாயம் உள்ளே இருக்கவேண்டும், குருசாமியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், முடிந்தால் உங்களோடு வீடு வரை ஒருவர் வரட்டும், மறுநாளே டாக்டரைப் பார்க்க நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

டைசல்ஃபிராம். அந்த அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அவருக்கு அது வேலை செய்திருக்கும். 1940களில் டென்மார்க்கில் வேறு காரியத்துக்காகச் சோதித்த மருந்து, போட்டவர்கள் குடித்தபோது உடம்பு படுத்தியதைப் பார்த்துக் கண்டுகொண்டார்கள். சாராயம் உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறி, பிறகு அதுவும் உடைந்து போகிறது, இந்த இரண்டாவது படியை டைசல்ஃபிராம் அடைத்துவிடும், நஞ்சு தேங்கிவிடும். மும்பையில் மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், வீட்டார் கையால் கொடுத்தபோது டைசல்ஃபிராம் நால்ட்ரெக்ஸோனையும் அகாம்ப்ரோசேட்டையும் முந்தியது. யாருக்கு எந்த மருந்து என்று எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வுகள் அவை, அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் நம் குடும்ப அமைப்பில் ஒரு அம்மாவோ மனைவியோ தினமும் காலையில் கண்ணெதிரே கொடுப்பதற்கு இருக்கும் பலத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் உங்களுக்கு, இன்றைய நிலையில், கூடாது. கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் ஆகாமல் அதைத் தொடவே கூடாது, நீங்களோ இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். விட்டபிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். நெஞ்சு நோய் உள்ளவர்களுக்கு அந்த எதிர்வினை உயிரைப் பறிக்கும், 43 வயதில் பி.பி.யும் சுகரும் இருப்பவருக்கு முதலில் ஈ.சி.ஜி. எடுக்காமல் நான் எழுதமாட்டேன். அதற்கு ஈரலைத் தனியாகத் தாக்கும் குணமும் உண்டு, ஏற்கெனவே ஏறியிருக்கும் ஈரலில் நால்ட்ரெக்ஸோனோடு சேர்த்து அதையும் ஏற்றுவது வம்பு. நால்ட்ரெக்ஸோன் 50 கொஞ்சம் ஏறிய ஈரலுக்குப் பொதுவாகத் தாங்கும், ஈரல் டெஸ்டில் வரும் எஸ்.ஜி.பி.டி. என்ற எண் இயல்பைவிட மூன்று ஐந்து மடங்கு என்று போனால்தான் யோசிப்போம், குடி குறையக் குறைய அந்த எண்ணும் இறங்குவதைப் பார்ப்பீர்கள். ஈரல் சுருங்கிவிட்டவர்களுக்கு பேக்லோஃபென் என்று வேறு ஒரு மருந்தை யோசிப்போம், 2007இல் இத்தாலியில் ஈரல் சுருக்கம் உள்ள 84 பேரிடம் பார்த்து நல்ல பலன் வந்தது, அதுவும் கவனமாகக் கொடுக்கவேண்டியது, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். உங்களுக்கு அந்த அவசியம் வந்துவிட்டதாகத் தெரியவில்லை. டோபிராமேட், காபாபென்டின் என்று இன்னும் சில உண்டு. நால்ட்ரெக்ஸோனோடு காபாபென்டினை முதல் ஆறு வாரம் சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வில் அந்த ஆறு வாரம் பலன் கூடியது, காபாபென்டினை நிறுத்தியதும் அந்தக் கூடுதல் பலன் மறைந்துவிட்டது.

'ஒரு வருஷமா எதுலயும் மனசு ஒட்டல' என்று கடைசியில் ஒரு வரி. இதை டாக்டரிடம் சொன்னீர்களா? மருந்துகளைச் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை தருகிற இடம் இதுதான். மனச்சோர்வும் குடியும் சேர்ந்து இருந்த 170 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், நால்ட்ரெக்ஸோனோடு செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தும் சேர்ந்து வாங்கியவர்களில் பாதிக்கும் மேல் சிகிச்சைக் காலம் முழுக்கக் குடிக்காமல் இருந்தார்கள், ஒன்றை மட்டும் வாங்கியவர்களில் நாலில் ஒருவர் அளவுக்குத்தான் அப்படி இருக்க முடிந்தது. குடி மருந்துக்கு மேல் குடி மருந்தை அடுக்குவதைவிட, குடியை உள்ளிருந்து தள்ளிவிடுகிற வேறு நோய் இருந்தால் அதற்கு மருந்து கொடுப்பது எவ்வளவோ மேல். குடியே மனச்சோர்வைக் கொண்டுவரும், நிறுத்திய மூன்று நாலு வாரத்தில் பலருக்குத் தானே தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் விடாதீர்கள். சாகலாம் போல ஒரு நினைப்பு என்றைக்காவது வந்தால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், தமிழில் பேசுவார்கள்.

அம்மாவின் பொடிக்கு வருகிறேன். அவரைத் திட்டாதீர்கள், பிள்ளை கண்ணெதிரே அழிவதைப் பார்த்துக்கொண்டு கைகட்டி உட்கார முடியாமல்தான் வாங்கியிருக்கிறார். ஆனால் 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கலாம்' என்று விற்கிற எதையும் வீட்டில் வைக்கக் கூடாது. அதில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. டைசல்ஃபிராம் மாதிரி ஏதாவது இருந்து, நீங்கள் ஒன்றும் தெரியாமல் ஒரு ஆஃப் போட்டால், பி.பி. சடாரென்று இறங்கி நெஞ்சு நின்றாலும் நிற்கும், ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. அம்மாவை ஒரு நாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், காலை மாத்திரையைக் கண்ணெதிரே கொடுக்கும் பொறுப்பை மனைவியோடு சேர்ந்து அவரும் எடுத்துக்கொள்ளட்டும், அது உங்களுக்குத் தெரிந்து நடக்கட்டும்.

எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், நால்ட்ரெக்ஸோன் போடுகிறேன் என்று முதலில் சொல்லுங்கள். டிரமடால், கோடீன் மாதிரி வலி மருந்துகளை அது வேலை செய்யவிடாது, டிரமடால் வலிப்பைத் தூண்டும் குணமும் உடையது. தொடர்ந்து அந்த மாதிரி மருந்து போட்டுக்கொண்டிருப்பவர் நால்ட்ரெக்ஸோனைத் தொடவே கூடாது. ஆபரேஷன் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தவேண்டிவரும், அவர்கள் சொல்வார்கள். விபத்து நேர்ந்து நினைவில்லாமல் கிடந்தாலும் தெரியும்படி மணிபர்சில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். பின்னால் எப்போதாவது டைசல்ஃபிராமுக்கு மாறினால் அப்போது வேறு பட்டியல். வயிற்றுப்போக்குக்கு எல்லோரும் வாங்கிப் போடுகிற மெட்ரோனிடசோல் கூடாது, சில இருமல் டானிக்குகளிலும் தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் சாராயம் இருக்கிறது, அதுவும் கூடாது. சுகருக்குப் போடுவது மெட்ஃபார்மின் என்றால் நிறையக் குடிக்கிற நாளில் அதுவும் ஆபத்து, சுகர் பார்க்கிற டாக்டருக்கும் உங்கள் குடி விஷயம் தெரிந்திருக்கவேண்டும், மறைக்காதீர்கள்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். குடி முழுக்க நின்ற நாளில் இருந்து ஆறு மாதமாவது, என்னைக் கேட்டால் ஒரு வருஷம். நால்ட்ரெக்ஸோனுக்கோ அகாம்ப்ரோசேட்டுக்கோ யாரும் அடிமையாவதில்லை, நிறுத்தும் நாளில் நடுக்கமோ வலிப்போ வராது, அந்தப் பயத்தில் பாதியில் விடாதீர்கள். நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டாலும் மறுநாள் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஒரு வருஷம் ஆனபிறகு குறைப்பதைப் பற்றிப் பேசலாம், அதைக் கார்த்திகை மார்கழியில் வைத்துக்கொள்ளாமல், உங்கள் வீட்டில் கல்யாணம், திருவிழா என்று எதுவும் இல்லாத ஒரு மாதமாகப் பார்த்து டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.